அழ வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர்

விளையாட்டு வீரர்களைப் பற்றி எடுக்கும் ஆவணப்படங்களை நான் குறை சொல்லிக்கொண்டேதான் பார்ப்பேன். ஆனால் ஒன்றையும் விடமாட்டேன். "புளிக்குது புளிக்குதுன்னே சட்டியக் காலி பண்றவ" என்று என் கணவர் என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை.

இந்தப் பழக்கம் என்னைத் தொற்றியது திருப்பூரில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில். நான் சாமளாபுரத்துப் பெண். விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குரல் பெரிது, அபிப்பிராயமும் பெரிது. கல்யாணமாகித் திருப்பூர் வந்ததும் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தேன். என் கணவர் வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டினார்.

செக்கிங் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீளமான மேசை, தலைக்கு மேல் ட்யூப்லைட், எதிரும் புதிருமாகப் பெண்கள். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் விரித்து, திருப்பி, இழுத்துப் பார்ப்போம். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நல்ல சட்டையைப் பார்த்து 'ஆகா' சொல்ல அங்கே ஆளில்லை, நேரமுமில்லை. நாள் முழுக்கக் குறை தேடிய கண் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்குமா? குழம்பில் குறை, கோலத்தில் குறை, டிவியில் செய்தி வாசிக்கிறவரின் காலரில்கூடக் குறை கண்டுபிடித்தேன்.

எங்கள் கம்பெனி அப்போது விளையாட்டு உடைகளை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் ஒருவர், நீங்கள் தைப்பதை எப்படிப்பட்டவர்கள் போடுகிறார்கள் என்று பாருங்கள் என்று சொல்லி, ஒரு பெட்டி நிறைய விளையாட்டு டிவிடிகளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் எங்கள் மெர்ச்சண்டைசர் தம்பிக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் விளையாட்டே இல்லை. பெட்டி அவர் மேசைக்கு அடியில், கால் வைக்கும் பலகையாகக் கிடந்தது. "இதுல என்னங்க இருக்குது?" என்று நான் கேட்டதுதான் தாமதம். "அக்கா, நீங்களே எடுத்துட்டுப் போயிருங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டில் படம் ஓட ஆரம்பித்தது. நாங்கள் குடியிருந்தது லைன் வீட்டில். முன்னால் வீட்டுக்காரம்மாவின் பெரிய வீடு, பின்னால் வரிசையாக ஒட்டிக்கொண்டு எங்கள் வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். கறிக்குழம்பு வாசம் அடங்கியதும் பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடச் சில வயது இளையவள். எங்கள் கம்பெனியிலேயே, அதே செக்கிங் மேசையில், எனக்கு எதிரே நிற்பவள். கணவன் பட்டாளத்தில் இருந்தான். மாமியார் வீட்டில் உட்கார்ந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கப் பிடிக்காமல் திருப்பூருக்கு வந்து வேலையில் சேர்ந்தவள். "பட்டாளத்தான் பொண்டாட்டி பனியன் கம்பெனிக்கா?" என்று ஊரில் ஆளாளுக்கு நாக்கை வளைத்தார்களாம். "வளைச்சா வளைச்சுட்டுப் போறாவ யக்கா, எனக்குப் பொழுது போகணும்லா" என்பாள்.

படங்களில் பேசியது இங்கிலீஷோ வேறு எதுவோ, எங்களுக்கு ஒன்றும் புரியாது. அது ஒரு வசதி. பேச்சு புரியாதபோது முகத்தையும் துணியையும் நன்றாகப் பார்க்கலாம். ஏதாவது பொருந்தாமல் பட்டால் எங்கள் இருவரில் ஒருத்தி "ஸ்டிக்கர்!" என்று கத்துவோம். அதுதான் விளையாட்டு. என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். "ஊட்டுக்கு வந்தும் செக்கிங்கா? மனுசன நிம்மதியாப் படம் பாக்க வுடுங்களேன்" என்பார். அவரும் எழுந்து போகமாட்டார்.

முதலில் பார்த்தது மலைநாட்டில் பிறந்த ஓட்டக்காரி ஒருத்தியின் கதை. ஓடுகிறாள், விழுகிறாள், எழுந்து ஓடுகிறாள். அவள் தோற்ற நாளில் மட்டும் தவறாமல் மழை பெய்கிறது. ஜெயித்த நாளில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது. வானம்கூட இவர்கள் சம்பளப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். அப்புறம் அந்த இசை. நாம் அழலாமா வேண்டாமா என்று நாமே யோசிப்பதற்குள் வயலின் வந்து முதுகைத் தட்டி, 'ம், இப்போது அழு' என்கிறது. எனக்குக் கோபம் வந்துவிடும். என் கண்ணீரை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா? ஓட்டக்காரியின் அம்மாவை மட்டும் படம் நெடுக அடுப்படியிலேயே காட்டினார்கள். அவர் ஒரே துணியால் ஒரே பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்தப் பாத்திரம் தேஞ்சே போயிருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஸ்டிக்கர்.

என் பெரிய குறை வேறு. கோப்பையைத் தூக்குகிறார்கள், காகிதப் பூ கொட்டுகிறது, படம் முடிகிறது. மறுநாள் காலை அவர்கள் என்ன செய்தார்கள்? பல் துலக்கினார்களா, சண்டை போட்டார்களா, வேலை தேடினார்களா? அதை ஒருவரும் எடுப்பதில்லை. இரண்டாவதாக வந்தவளை ஒரு நொடி காட்டிவிட்டு விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அவள் பின்னால் போகத்தான் ஆசை. கேமரா என் கையில் இருந்திருந்தால் கோப்பையை விட்டுவிட்டு, அவள் ஏறிப்போன பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

குறை சொல்கிறவர்களுக்கும் அடி சறுக்கும். ஒரு கால்பந்துப் படம். அதில் ஒரு அணி பாசிப்பச்சைச் சட்டையில் இறங்கியது. அந்த மாதம் முழுக்க நாங்கள் மேசையில் போட்டுப் புரட்டியது அதே பச்சை. கழுத்துப் பட்டையில் ஓடிய வெள்ளைக் கோடுகூட அதேதான். எங்களுக்குப் புல்லரித்துப்போய்விட்டது. "நம்ம சட்டைங்க! நம்ம பசங்க!" என்று நான் கத்த, அவள் மகளைத் தூக்கிக்கொண்டு குதிக்க, என் கணவரும் விசிலடித்தார். பச்சைச் சட்டைக்காரர்கள் எதிராளியின் காலை வாரிவிட்டபோதும் நாங்கள் கைதட்டினோம். கடைசியில் பார்த்தால் படம் எதிரணியைப் பற்றியது. பச்சைச் சட்டைக்காரர்கள்தான் அதில் அழும்பு பண்ணுகிற வில்லன்கள். மறுநாள் மெர்ச்சண்டைசர் தம்பியிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் பார்த்து அனுப்பியது கடைகளில் ரசிகர்களுக்கு விற்கும் சரக்காம், ஆட்டக்காரர்கள் போடுவது வேறாம். ஆனாலும் அந்த அணி தோற்றதில் எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

ஒரு குத்துச்சண்டைக்காரனின் படமும் பெட்டியில் இருந்தது. வயதாகி ஓய்வுபெற்றவன், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் திரும்பவும் சண்டைக்குப் போகிறான். என் கணவர் கண் கொட்டாமல் பார்த்தார். "ஆம்பளைன்னா இப்படி இருக்கோணும்" என்றார். நான் அவன் கையுறையின் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினாள். கூட்டத்தில் முன்வரிசையில் அவன் மனைவி. ஊரே மேடையைப் பார்த்துக் கத்துகிறது, அவள் மட்டும் தன் கைப்பையைப் பார்த்துக் குனிந்திருக்கிறாள்.

"பாத்தியளா யக்கா. இவகிட்ட ஒருத்தனும் கேக்கலியே, நீ என்ன சொல்லுதன்னு."

"கேட்டா என்னங்க சொல்லியிருப்பாங்க?" என்றேன்.

"ஒங்க இஷ்டம்னு சொல்லியிருப்பா. வேற என்னத்தச் சொல்லுவா?" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

பெட்டியில் எங்கள் இருவருக்கும் ஒருமனதாகப் பிடித்தது ஒன்றே ஒன்று. கடலோரத்தில் ஒரு குளிர் ஊர், அங்கே மீன் கம்பெனியில் வேலை செய்கிற பெண்களின் கால்பந்து அணி. படம் முழுக்கத் தோற்கிறார்கள். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மறுநாள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு மீன் வெட்டப் போகிறார்கள். போகிற வழியில் முந்தின நாள் விட்ட கோலைப் பற்றி ஒருத்தியை ஒருத்தி திட்டிச் சிரித்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் மறுபடி மைதானம். அந்தப் படத்தை எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் நன்றாக இருக்கட்டும். அதைப் பார்த்து முடித்த பிறகு எனக்கு என்னவோ ஒரு தெம்பு வந்தது. திங்கட்கிழமை செக்கிங் மேசைக்கே பாட்டுப் பாடிக்கொண்டு போனேன்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரியின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கணவன் வடக்கே எல்லையில் இருந்தான். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போன் செய்வான். இங்கிருந்து அவனைக் கூப்பிட வழியில்லை. போன் வருவது வீட்டுக்காரம்மாவின் ஹாலுக்கு. அப்போது எங்கள் லைனில் அந்த ஒரு போன்தான். வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்று, "கண்ணு, உங்க ஊட்டுக்காரருங்க, ஓடி வாங்க!" என்று தெரு அதிரக் கூப்பிடுவார். இவள் ஈரக் கையோடு ஓடுவாள்.

நல்ல மனுஷிதான் வீட்டுக்காரம்மா. ஆனால் போன் பேசும்போது அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார். சோபாவில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்பார். டிவி பாட்டுக்கு ஓடும். அவர் வீட்டுக்கு விருந்தாட வந்த ஒறம்பரைச் சனமும் இருக்கும். அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டு இவள் என்ன பேசுவாள்? "நல்லா இருக்கோம். பிள்ள படிக்கா. சரி. சரி. ஒங்க இஷ்டம்." அவ்வளவுதான். ரிசீவரை மகளிடம் கொடுத்துவிடுவாள். திருப்பூர் வந்ததிலிருந்து, அவன் லீவில் வந்துபோன நாட்களைத் தவிர, அவர்கள் குடும்பம் நடத்தியது அந்த ஹாலில்தான்.

அந்த வருஷம் அவனுக்குப் பென்ஷனோடு வெளியே வருகிற சர்வீஸ் முடிய இருந்தது. இன்னும் இருக்க விருப்பம் என்று எழுதிக் கொடுத்தால் மேலும் சில வருஷம் இருக்கலாம், மேலே ஒரு படி ஏறவும் வாய்ப்புண்டு. எழுதிக் கொடுக்காவிட்டால் வீட்டுக்கு வந்துவிடலாம். "நீ என்ன சொல்லுத? வார ஞாயித்துக்கெழம சொல்லு, நான் அத வச்சு முடிவு பண்ணுதேன்" என்று அவன் போனில் கேட்டிருந்தான். அவன் கேட்ட அப்போதே இவள் வழக்கம்போல 'ஒங்க இஷ்டம்' என்றுதான் வாயெடுத்தாளாம். அவன் விடவில்லை. "அடுத்த வாரம் சொல்லு" என்று வைத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க மேசையில் அவள் கை ஓடவில்லை. முழங்கையளவு ஓட்டையோடு போன சட்டையைக்கூட 'சரி' என்று அடுக்கிவிட்டாள். நான் எடுத்து ஸ்டிக்கர் ஒட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து என் கணவர் ஒரு போர்ப்படத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்தது. "ஆகாத நேரம் பாத்து ஆகாத படத்த எடுத்துட்டு வந்திருக்கறீங்களே, கூறு இருக்குதுங்களா?" என்று நான் அடுப்படியில் வைத்துக் கடிந்துகொண்டேன். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அவள் மகளோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். "போடுங்கண்ணே. பட்டாளம் எப்பிடி இருக்குன்னு நானும் பாக்கேன்" என்றாள். வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

படத்தைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். பனிமலையில் நிற்கிற வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எல்லாரும் ஒரே குரலில், "டேய் மச்சான், நம்ம மண்ணுடா" என்று பேசிக்கொண்டார்கள். அரை மணிக்கொரு தரம் எவனாவது பாக்கெட்டிலிருந்து போட்டோவை எடுத்துப் பார்த்தான். போட்டோ எடுத்தவன் அடுத்த காட்சியில் செத்தான். இரண்டு பேர் போனதும் மகளுக்கே கணக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, இந்த மாமாவும் போட்டோ எடுக்காரு!" என்று கத்தினாள். சிப்பாய்கள் சேற்றில் புரண்டு எழுந்தார்கள், உள்ளே போட்டிருந்த பனியன் மட்டும் நேற்றுப் பிரித்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. மொத்தப் படத்திலும் ஒருத்தன் துணி துவைக்கவில்லை, ஒருத்தனுக்கும் சலிப்பு வரவில்லை. அவள் கணவன் லீவில் வந்தபோது, பட்டாளம் என்றால் பாதி நாள் கொட்டாவிதான் என்று சொல்லியிருக்கிறான். ஆனால் கொட்டாவிக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

குண்டு வெடிப்பதெல்லாம் நன்றாகவே எடுத்திருந்தார்கள். என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் படத்தைப் பாதியும் அவள் முகத்தைப் பாதியுமாகப் பார்த்தேன். அவள் அசையவில்லை. கதாநாயகன் குண்டடிபட்டு விழுந்தபோதும் மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. ஊரில் கதாநாயகனின் வீடு. மனைவி அடுப்படியில் கேக் செய்துகொண்டிருக்கிறாள். போன் அடிக்கிறது. அவள் முகமெல்லாம் சிரிப்பாக, கையைத் துடைத்துக்கொண்டு, பாவாடை பறக்க ஓடிவருகிறாள். மெதுவாக, மிக மெதுவாக ஓடிவருகிறாள். வயலின் ஆரம்பித்துவிட்டது. ரிசீவரை எடுக்கிறாள், சிரிப்பு உறைகிறது, ரிசீவர் கீழே விழுந்து ஆடுகிறது. என் கணவர் துண்டால் மூக்கைச் சிந்தினார். நானும் முந்தானையைத் தேடினேன், பொய் சொல்வானேன்.

"ஸ்டிக்கர்" என்றாள் அவள்.

கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். என் கணவர் ஈரக் கண்ணோடு திரும்பினார். "ஏனுங்க, அழுகற எடத்துலகூட ஸ்டிக்கருங்களா?"

"இவ ஏன் சிரிச்சுக்கிட்டு ஓடுதா?" என்றாள். "அண்ணே, அவன் போன் பண்ணுத நேரம் இவளுக்குத் தெரியாதா? எனக்கு ஞாயித்துக்கெழம சாயங்காலம்னா தெரியும்லா. அன்னைக்கு ஓடுவேன். மத்த நாள்ல வீட்டுக்காரம்மா வீட்டுல போன் அடிச்சா, நான் கொழாயடியில நின்னா கொழாயடியிலயே நின்னுருவேன். கொடம் நெறஞ்சு வழியும். ஹலோ சொல்லி, அந்தம்மா சிரிச்சுப் பேசுத சத்தம் கேட்ட பொறவுதான் கைகால் வரும். எந்தப் பட்டாளத்தான் பொண்டாட்டியும் நேரங்கெட்ட நேரத்துல அடிக்கிற போனுக்குச் சிரிச்சுக்கிட்டு ஓடமாட்டா. இந்தப் படம் எடுத்தவன் ஒருத்திகிட்டயாவது கேட்டிருக்கணும்."

குடம் நிரம்பி வழிவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தண்ணீரை வீணாக்குகிறாளே என்று வாய்க்குள் முனகியும் இருக்கிறேன். அதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. மகள் 'ஓ'வென்று கத்திக்கொண்டு வெளியே விளையாட ஓடினாள். என் கணவரும் மோர் வாங்கி வருவதாகச் சொல்லி நைசாக நழுவினார்.

முறத்தை எடுத்து விசிறிக்கொண்டே கேட்டேன். "இத நீங்க அவருகிட்டச் சொன்னதுண்டுங்களா?"

"எங்க வச்சுச் சொல்ல? அந்த ஹால்லயா?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "எனக்கு அவிய வரணும் யக்கா. பதவி வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இங்க வந்து என்ன வேல பாப்பாவன்னு கேட்டா எனக்குத் தெரியாது. திருப்பூர்ல கைகால் இருக்கவனுக்கு வேல இல்லாம போயிருமா? ஆனா அவியளுக்கு அங்க இருக்கப் பிடிச்சிருந்தா? நீ கூப்பிட்டுத்தான் வந்தேன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துட்டா?"

தெரியாத விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் இல்லாமல் போனது அநேகமாக அதுதான் முதல் தடவை. ஆனால் ஒன்று மட்டும் செய்யலாம் என்று பட்டது. சாயங்காலம் போன் வருகிற நேரத்துக்கு ஹாலைக் காலி செய்துவிடுவது. அவள் தனியாக நின்று, மனதில் இருப்பதைப் பேசட்டும்.

கரண்ட் வந்ததும் நான் முன்வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா சோபாவில் உட்கார்ந்து டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்கம்மா, பின்னாடி மோட்டார்ல ஒரு மாதிரி சத்தம் வருதுங்க, வந்து பாருங்களேன்" என்றேன்.

"அது எப்பவும் அப்படித்தானுங்க கத்தும்."

"கொழாய்லயும் தண்ணி கலங்கலா வருதுங்க."

"நேத்துத் தொட்டி கழுவுனாங்க, அப்படித்தான் வரும். உக்காருங்க, காப்பி குடிக்கலாம்." கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். காலி பண்ணப் போன நான் கூட்டத்தில் ஒரு ஆளாகிவிட்டேன். காப்பி வருவதற்குள் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், சரியான நேரம். கூப்பிடவே தேவையிருக்கவில்லை. அவள் வாசலிலேயே நின்றிருந்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

ரிசீவரை எடுத்தாள். "நல்லா இருக்கோம்" என்றாள். "பிள்ள படிக்கா" என்றாள். அவன் ஏதோ கேட்டான். அவள் நிமிர்ந்து ஹாலைப் பார்த்தாள். சோபாவில் வீட்டுக்காரம்மா, பக்கத்தில் காப்பிக்குக் காத்திருக்கிற நான், டிவியில் ஒரு டூயட். நான் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தேன். 'ஒங்க இஷ்டம்' என்று வந்துவிடப் போகிறதே என்றுதான் என் பயமெல்லாம்.

"ஒங்க இஷ்டம் இல்ல" என்றாள். "எனக்கு ஒரு இஷ்டம் இருக்கு. கேக்கியளா?"

வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். பிறகு, நான் அந்த வீட்டில் பார்த்தேயிராத ஒரு காரியத்தைச் செய்தார். எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

அந்த அமைதியில் அவள் குரல் பெரிதாகக் கேட்டது. "எழுதிக் குடுக்க வேண்டாம். வந்துருங்க. எனக்கு நீங்க வேணும். ஆமா, எல்லாரும் இருக்காவ. வீட்டுக்காரம்மா இருக்காவ, பக்கத்து வீட்டு யக்கா இருக்காவ. கேட்டாக் கேட்டுட்டுப் போறாவ. வந்துருங்க."

அதன்பின் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். முதலில் தலையாட்டினாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் மகள் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். கடைசியில் ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தாள்.

"என்னங்க கண்ணு சொன்னாரு?" வீட்டுக்காரம்மாதான் கேட்டார். நான் கேட்பதற்குள் கேட்டுவிட்டார்.

"சித்திரைக்குள்ள வந்துருதேன்னு சொல்லுதாவம்மா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இந்த ஒரு வார்த்தையச் சொல்லுவியா சொல்லுவியான்னுதான் இத்தன வருசமா வாரா வாரம் போன் பண்ணுனேன், நீ சொல்லவே இல்லியேன்னு சொல்லுதாவ."

வீட்டுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். பிறகு, "கடைசில இருக்கற பெரிய ஊடு பங்குனில காலியாகுதுங்க கண்ணு. வேற ஆளுங்க கேட்டிருக்கறாங்க. இல்லீன்னு சொல்லிடறேன்" என்றார்.

பங்குனிக் கடைசியில் அந்த வீட்டுக்கு நானும் என் கணவரும் சேர்ந்துதான் வெள்ளையடித்தோம். அவன் டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது சுவர் இன்னும் காயவில்லை. "சாயாதீங்க, ஒட்டிக்கும்" என்று அவள் உள்ளேயிருந்து கத்துவதற்குள் அவன் சாய்ந்துவிட்டான்.